கருப்பொருட் பகை: நொய்யல் நீரும் தமிழ்த் திறனாய்வும்

பொருள் வரையறை

காங்கேயத்திலிருந்து வடக்கே சென்னிமலைக்குச் செல்வோர் இடையே நொய்யலாற்றைக் கடந்து செல்வர். அவ்வாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டில் ஓர் அணை எழுந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குப் பாசனநீர் தருதல் அதன் நோக்கம். ஆனால், மேற்கே திருப்பூரில் பெருகிய சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் ஆற்றில் விடுத்த கழிவுநீர் அவ்வணையில் வந்து தேங்கிற்று. சில ஆண்டுகளுக்குள், அணை வேண்டும் என்று காத்திருந்த உழவரே அணைநீர் வேண்டா என்று கூறும் நிலை வந்தது. அணையை அடுத்த ஊர்களின் கிணறுகளும் கெட்டன. கிணற்றில் நீர் இருந்தது, குடிநீர் இல்லை.

இந்நிலையைப் பொறியியலார்க்கும் மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் உரிய பொருளாகவே பலரும் கருதி வந்துள்ளனர். தமிழ் பயில்வார்க்கு இதன்கண் என்ன வேலை என வினவுவாரும் உளர். நிலத்தையும் நீரையும் தொழிலையும் மக்கள் உள்ளத்தையும் ஒருங்கு வைத்து நோக்கும் பொருளிலக்கணம் நமக்கு உண்டு. அவ்விலக்கணத்தைக் கொண்டு இற்றைநிலையை நோக்கினால் புலப்படுவன யாவை, அதற்கும் அடங்காதன யாவை என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கூறப்புகும் முடிபை முன்னரே சொல்லிவிடலாம். மாசுற்ற நீரைப் பற்றிய இக்கால எழுத்தும் அதனைப் பற்றிய திறனாய்வும் நிறத்தையே பெரிதும் கண்டன, சுவையைக் காணவில்லை. நொய்யற் கரையில் குடிநீரைக் கெடுத்ததோ, பெரும்பாலும் நிறமன்று, உப்பு.

நீர் என்னும் கருப்பொருள்

தொல்காப்பியர் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என எட்டினை விதந்து கூறிப் பிறவும் கருப்பொருளாம் என்றார். அப் ‘பிற’வற்றுள் நீர் அடங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருளைப் பதினான்காக விரித்து, நீரை வெளிப்படையாக எண்ணிற்று. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் குறுஞ்சுனையும் காட்டாறும், மருதத்துக்கு ஆறும் மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும், பாலைக்கு நீர் அற்ற கூவலும் வற்றிய சுனையும் என அப்பாகுபாடு அமையும்.

இப்பாகுபாட்டில் நாம் கருதத்தக்கன இரண்டு உள. ஒன்று, பாலையின் குறை நீர் இன்மை; கூவலும் சுனையும் இருக்கும், அவற்றில் நீர் இராது. மற்றொன்று, உவர்ப்பு என்னும் குற்றம் நெய்தலுக்கே உரியதாக வைக்கப்பட்டமை. அந்நெய்தலிலும் உவர்க்கழிக்கு அருகே மணற்கிணற்று நன்னீர் உண்டு. ஆகவே, பழைய இலக்கணம் அறிந்த துன்பங்கள் நீர் இன்மையும், கடல் அணுக்கத்தால் வரும் உவர்ப்பும் ஆம்.

கடலினின்று நெடுந்தொலைவில், மேய்ச்சல் நிலத்தின் நடுவில், நீர் நிறைந்த கிணறு குடித்தற்கு உதவாது நிற்பது அவ்விலக்கணத்தில் எங்கும் இல்லை. காங்கேய நாடு இயல்பால் முல்லைச் சார்புடையது. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளும், அவற்றில் வளரும் கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், காங்கேயக் காளைகளும் அதன் கருப்பொருள்கள். அத்தகைய நிலத்தின் கிணற்றில் நெய்தலின் உவர் புகுந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாம் என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கின்றோம். அத்திரிபுக்கு முதல் ஞாயிற்றின் வெம்மை. ஈண்டு நிகழ்ந்த திரிபுக்கு ஞாயிறு காரணமன்று, நீரும் வற்றவில்லை. ஆதலின் இதனைப் பாலை என்று பெயரிட்டு அமைதல் பொருந்தாது. நீர் உண்டாகவும் நீர்வேட்கை தணியாத இந்நிலைக்குப் பெயர் இன்னும் இடப்படவில்லை.

கலங்கல் நீரும் தெளிந்த நீரும்

சங்கப் புலவர் நீரை எப்புலனால் அளந்தனர் என்று காண்டல் வேண்டும். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு ஒன்று (203) அனைவரும் அறிந்தது. மணந்து சென்று மீண்ட தலைவி, தலைவன் நாட்டு நீரைத் தோழிக்குப் புகழ்கின்றாள். தழை விழுந்து மூடிய பள்ளத்தில், மான் குடித்து எஞ்சிய கலங்கல் நீர் அது. ஆயினும் தன் தாய்மனைத் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும் அஃது இனிது என்கின்றாள். கண்ணுக்கு அழுக்காகிய நீர் நாவுக்கு இனிதாயிற்று. காதலின் பெருமையைக் காட்டப் புலவர் கொண்ட வழி, கண்ணின் தீர்ப்பை நாவின் தீர்ப்பால் மாற்றுதல் ஆகும்.

குறுந்தொகையில் கயமனார் பாட்டு (356) இதற்கு மறுதலை. உடன்போக்கில் சென்ற மகளை எண்ணித் தாயுள்ளம் வருந்துகின்றது. பொற்கலத்தில் ஊட்டிய பாலையும் வேண்டா என்று மறுத்தவள், வற்றும் சுனையில் வெந்து கலங்கிய நீரை எவ்வாறு குடிப்பாளோ என்பது அவ்வருத்தம். இங்கும் நீரின் தோற்றத்தைவிட அது தொண்டையில் இறங்கும் துன்பமே முன்னிற்கின்றது. செம்மண்ணில் பெய்த மழை மண்ணின் நிறத்தை ஏற்பதைக் காதலுக்கு உவமையாக்கி, அவ்வுவமையாலேயே பெயர்பெற்ற செம்புலப்பெயனீரார் ஒருவர் நிறத்தை முதன்மையாக்கினார். அந்நிறமும் நிலம் தந்த நிறம். குற்றமன்று, கூட்டத்தின் அடையாளம்.

ஆகவே பழந்தமிழ்ப் புலவர்க்குக் கலங்கல் வேறு, கேடு வேறு. நிறம் மாறிய நீர் நல்ல நீராதலும் கூடும். இவ்வேறுபாட்டை நாம் மறந்தோம். தெளிந்த நீர் தூய நீர் என்றும், நிறமுள்ள நீர் தீய நீர் என்றும் கண்ணால் மட்டும் முடிவு செய்யப் பழகினோம். நொய்யல் இம்முடிவு தவறென்று காட்டிற்று.

சாயமும் உப்பும்

இதனை உணரச் சாயமிடும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். திருப்பூரின் பனியன் துணி பருத்தியால் ஆயது. பருத்தி இழையும் அதற்கு இடும் சாயமும் நீரில் ஒன்றையொன்று எளிதில் அணுகா. சாயத்தை இழையின்மேல் ஏறச்செய்தற்குச் சோடியம் குளோரைடு என்னும் கறியுப்போ, சோடியம் சல்பேட் என்னும் உப்போ மிகுதியாக இடப்பெறும். அடர்ந்த நிறங்களுக்குச் சாயநீரில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புச் சேர்ப்பது வழக்கம். கடல்நீரின் உப்போ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். எனவே சாயத்தொட்டியின் நீர் கடலினும் உவரியது. நெய்தல் காங்கேயத்தை வந்தடைந்த வழி இதுவே.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும்; உப்பு தங்காது. சாயம் ஏற உதவிய உப்பு, ஏறத்தாழ முழுதும், கழுவிய நீரோடு வெளியேறும். அக்கழிவுநீரின் நிறத்தைச் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுப் படியவைத்துப் பெருமளவு நீக்கலாம். தொண்ணூறுகளின் இறுதியில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் இம்முறையையே கையாண்டன. அம்முறையால் நீர் தெளிந்தது. கரைந்த உப்பு குறையவில்லை. நிறம் நீங்கிய நீர் ஆற்றில் இறங்கி, மணலில் ஊறி, கிணறுகளை அடைந்தது. கண் ஏமாந்தது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. உப்பு மிக்க நீரால் உடலுக்கு வரும் கேடு உடனே தோன்றி உடனே மறைவதன்று. சல்பேட் மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாம். சோடியம் நாள்தோறும் உடலிற் சேர்ந்தால் குருதி அழுத்தம் மிகும். வங்காளதேசக் கடற்கரையில் தாகோப் என்னும் பகுதியைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வு ஈண்டு கருதத்தக்கது. அங்கே உவர்நீர் பருகும் கருவுற்ற மகளிர்க்கு மழையற்ற பருவத்தில் குருதி அழுத்த நோய் மிகுதல் அதனால் புலப்பட்டது. அங்கு உவர் கடலால் வந்தது. இங்குத் தொழிலால் வந்தது. குருதிக்கு அவ்வேறுபாடு தெரியாது.

சாயத்தின் கேடு இல்லை என்பது நம் கருத்தன்று. சாயத்தொழிற்சாலைப் பணியாளர்க்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருதலை இலூத்விக் இரேன் என்னும் மருத்துவர் செருமனியில் 1895-இலேயே எடுத்துக்காட்டினார். அசோச் சாயங்களுட் சில, சிதைந்து புற்றுநோய்க்குரிய அமின்களை விடுக்கும் என்று கண்டு, செருமனி 1994-இல் அவற்றை ஆடைகளில் தடுத்தது. இந்தியாவும் 1997-இல் தடுத்தது. உடுப்பவர் தோலைக் காக்க எழுந்த கேள்வி அத்தடைக்கு வழிவகுத்தது. துணி கழுவிய நீரைப் பருகுவோர் தொண்டையைப் பற்றிய கேள்வி நீதிமன்றத்தின் வாயிலாகவே எழுந்தது. நொய்யல் ஆயக்கட்டு உழவர் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2009-இல் அதனை உறுதி செய்தது. ஆணைகள் நிறைவேறாமை கண்டு உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-இல் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாது, உப்பைப் பிரித்து மீட்கும் முறையைக் கைக்கொண்டாலன்றிப் பட்டறைகள் இயங்கலாகாது என்றாயிற்று. இவ்வரலாற்றின் நடுவில் இருப்பது நிறமன்று, உப்பே என்பது தெளிவு.

தொழிலும் நீரும்

இனி, பொருளிலக்கணத்தின்வழி இதனை எவ்வாறு விளக்குவது? நம்பியின் பதினான்கனுள் நீர் ஒரு கருப்பொருள். தொழிலும் ஒரு கருப்பொருள். தொல்காப்பியர் ‘செய்தி’ என்றதும் இத்தொழிலையே. குறிஞ்சியில் தேன் அழித்தலும், முல்லையில் ஆநிரை மேய்த்தலும், மருதத்தில் உழுதலும், நெய்தலில் உப்பு விளைத்தலும் அந்தந்த நிலத்து நீரோடு இயைந்தே நடந்தன. நெய்தலின் உமணர் உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர், நெல்லுக்கு மாற்றினர். அவ்வுப்பு உணவாயிற்று. ஒரு நிலத்தின் கருப்பொருள்கள் தம்முள் ஒன்றற்கொன்று துணையாய் நிற்கும் என்பது, இலக்கணம் வாய்விட்டுச் சொல்லாது உள்ளுறையாகக் கொண்ட கொள்கை.

நொய்யற் கரையில் ஒரு கருப்பொருள் மற்றொரு கருப்பொருளை அழித்தது. தொழில் நீரை உண்டது. இதனைக் கருப்பொருட் பகை என்று பெயரிடலாம்.

இதற்கு இரு தடைகள் எழலாம். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்து வருதல் உண்டு எனத் தொல்காப்பியரே கூறினார். நெய்தலின் உவர் முல்லையிற் புகுவதும் அத்தகைய மயக்கமே ஆகாதோ என்பது முதல் தடை. ஆகாது என்க. மயக்கத்தில் வந்த பூ, வந்த நிலத்தின் பூவை அழிப்பதில்லை, இரண்டும் உடனிருக்கும். ஈண்டு உவர் வந்த கிணற்றில் நன்னீர் இல்லையாயிற்று. மயக்கம் கூட்டம், இது நீக்கம்.

கொங்கு நாட்டுக் கிணறுகள் முன்னரே உவர்ப்புடையன அல்லவோ என்பது இரண்டாம் தடை. இத்தடை வலிமை உடையது. கடும்பாறை நிலத்தில் மழை குன்றிய பகுதிகளில் உவர்க்கிணறு இயற்கையாகவே உண்டு. மக்களும் ‘நல்ல தண்ணீர்’, ‘உப்புத் தண்ணீர்’ என இரண்டாகப் பகுத்து, ஒன்றைக் குடிக்கவும் மற்றொன்றைப் பிறவற்றுக்கும் கொண்டனர். உவர் என்னும் சொல்லும் ‘சவர்’ என்னும் அதன் வழக்கு வடிவும் இவ்வறிவின் எச்சங்களே. ஆயின் அப்பழைய பகுப்பில், ஊரில் ஒரு கிணறு கைப்பினும் மற்றொரு கிணறு இனிக்கும். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் நன்னீர் வரும். தொழிலால் வந்த உவர், இவ்விருமையை அழித்தது. ஆற்றிலிருந்தே உவர் வந்தமையால் ஊற்றும் துணையாகவில்லை. எனவே இயற்கை உவரையும் செயற்கை உவரையும் ஒன்றாகக் கருதுதல் ஆய்வுக்கும் நீதிக்கும் பொருந்தாது.

தொழிலே பகை என்று கொள்வதும் தவறு. இதே ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குச் சிறந்ததாகக் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். இரும்பு உருக்கியதற்கும் மணிகளைச் செதுக்கியதற்கும் உரிய சான்றுகள் அங்கு அகழ்ந்து எடுக்கப்பெற்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நொய்யல் தொழிலாற்றின் கரையாக இருந்தது. திருப்பூரின் தொழிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அவற்றுட் பல காங்கேயம், தாராபுரம் முதலிய வறண்ட பகுதிகளினின்று சென்றவை. இன்னலின் கூர்மையும் இதன்கண்ணே உள்ளது. ஒரே குடும்பத்தில் மகன் திருப்பூரில் சாயத்தொட்டியருகே நிற்பான். தாய் ஊரில் உவர்க்கிணற்றருகே நிற்பாள். ஒருவர் கூலியும் மற்றொருவர் தாகமும் ஒரே நீரினின்று வந்தன. இதனை எழுதும் இலக்கியம் எளிதில் ஒருபக்கம் சாயலாகாது.

‘சாயத்திரை’ என்னும் பெயர்

திருப்பூரின் சாயத்தொழிலையும் சுற்றுச்சூழற் கேட்டையும் பொருளாகக் கொண்டு சுப்ரபாரதிமணியன் எழுதிய ‘சாயத்திரை’ என்னும் நாவல் 1998-இல் வெளிவந்தது. நிலத்தின் துன்பத்தை அந்நிலத்தாரே எழுதினர் என்னும் வகையில் அதற்குத் தனியிடம் உண்டு. அதன் கதையமைப்பை விரித்தல் ஈண்டு நோக்கமன்று. பெயர் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் முடிபுக்கு வேண்டுவது அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

திரை என்பது பலபொருள் ஒருசொல். அலையைக் குறிக்கும், மறைக்கும் சீலையைக் குறிக்கும், முதுமையில் தோலிடை விழும் சுருக்கத்தையும் குறிக்கும். ‘சாயத்தால் ஆகிய அலை’ என விரித்தால் ஆறு தோன்றும். ‘சாயம் ஏறிய சீலை’ என விரித்தால் துணியும் தொழிலும் தோன்றும். ஆங்கிலத்தில் பெயர்த்தோர் இரண்டாவதனைக் கொண்டு வண்ணத் திரைச்சீலை என்று பொருள்படத் தலைப்பிட்டனர். அலை ஆங்கிலத்திற்குச் செல்லவில்லை. மொழிபெயர்ப்பில் இத்தகைய இழப்பு இயல்பே.

ஆயினும் ‘சாயமாகிய திரை’ என இருபெயரொட்டாக விரிப்பதற்கும் இடம் உண்டு. அவ்வாறு கொண்டால், சாயமே மறைக்கும் பொருளாகின்றது. சாயம் எதனை மறைத்தது? உப்பை மறைத்தது. ஆறு சிவந்து ஓடியதையும் நீலமாக ஓடியதையும் நுரை பொங்கியதையும் நாளிதழ்களின் படங்கள் காட்டின. மதிப்புரை எழுதினோரும் மேடையிற் பேசினோரும் அந்நிறங்களையே எடுத்துரைத்தனர். நிறம் கண்முன் நின்றமையால், நிறம் நீங்கினால் கேடும் நீங்கும் என்னும் எண்ணம் வேரூன்றியது. தெளிந்த கழிவுநீரைக் காட்டி, தூய்மை செய்தாயிற்று என்று கூறுவதற்கு அவ்வெண்ணமே துணையாயிற்று. எழுத்தாளர் வைத்த பெயர் அவர்தம் திறனாய்வாளரினும் கூரிது என்பதே நம் கருத்து. திரையைக் கண்டோம், திரையை விலக்கி நோக்கவில்லை.

தலபுராண மரபும் இதற்கு ஒருவகையில் இடம் தந்தது. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணம் இவ்வாற்றைக் காஞ்சிமாநதி என்று போற்றும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் புனலாதலின் அது வினைதீர்க்கும் தீர்த்தம் ஆயிற்று. மாந்தர் மாசை நீர் போக்கும் என்பது அம்மரபின் உறுதி. நீரின் மாசை மாந்தர் போக்கவேண்டிய காலம் வரும் என்று அம்மரபு எண்ணியதில்லை. தூய்மை என்னும் ஒரே சொல்லை வழிபாட்டுக்கும் பருகுதற்கும் வழங்கியதன் விளைவு இது.

பிறநாட்டு ஒப்பு

கண்ணுக்குத் தோன்றாக் கேட்டை இலக்கியம் எவ்வாறு காட்டும் என்னும் வினா பிறநாட்டாரையும் வருத்தியது. நார்வே நாட்டு இப்சன் 1882-இல் எழுதிய ‘மக்களின் பகைவன்’ என்னும் நாடகம் நம் பொருளுக்கு மிக அணித்து. ஓர் ஊரின் வாழ்வு அதன் நீராடு நிலையத்தைச் சார்ந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அந்நீரிற் கலந்துள்ளது. நீர் பார்வைக்குத் தெளிந்தே இருக்கின்றது. மருத்துவர் ஸ்டாக்மன் அந்நீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஆராயச் செய்கின்றார். விடையாக வரும் கடிதமே நாடகத்தின் முடிச்சு. ஆய்வு முடிவு ஒன்றை அரங்கின் உயிர்ப்பொருளாக ஆக்கினார் இப்சன். உண்மை கூறிய மருத்துவரை ஊரார் கூடிப் பகைவன் என்று தீர்மானிக்கின்றனர். சத்யஜித் ராய் இந்நாடகத்தைத் தழுவி ‘கணசத்ரு’ என்னும் வங்காளத் திரைப்படம் எடுத்தபோது, நீராடு நிலையத்தைக் கோயில் தீர்த்தமாக மாற்றினார். துளசி இட்ட தீர்த்தம் கெடாது என்னும் நம்பிக்கை ஆய்வு முடிவை எதிர்க்கின்றது. தூய்மை என்னும் சொல்லைப் பற்றி மேலே கூறியதற்கு இஃது அரண் செய்யும்.

ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலை கடலில் விடுத்த பாதரசம் மீன்வழியே மக்கள் உடலிற் புகுந்தது. அந்நோய் 1956-இல் அரசறியப் பதிவாயிற்று. அப்பாதரசத்துக்கும் நிறமில்லை, சுவையில்லை. அதனைப் பற்றி இஷிமுரே மிச்சிகோ என்னும் பெண்பால் எழுத்தாளர் 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். மீனவர் பேச்சுவழக்கையும் மருத்துவக் குறிப்புகளையும் அவர் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்தார். எண்ணும் அறிக்கையும் இலக்கியத்துக்குப் புறம்பு என்று அவர் கருதவில்லை. அவை மீனவர் புலம்பலுக்குச் சான்றாயின, புலம்பல் அவற்றுக்கு உயிராயிற்று.

இவ்விரு நூல்களும் நமக்குக் கற்பிப்பது யாது? கண்ணுக்குத் தோன்றாத கேட்டை உவமையால் மட்டும் காட்டிவிட இயலாது. நிறம் உள்ளவிடத்து உவமை எளிதில் எழும். நிறம் இல்லாதவிடத்து, உடலின் அறிவும் அளவையின் அறிவும் துணைவரல் வேண்டும்.

நாவும் அளவையும்

உடலின் அறிவு என்றது சுவையறிவை. உவர்நீர் வந்த வீட்டை முதலில் அறிவது அடுக்களை. பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது, கலத்தின் அடியில் வெண்படலம் படியும், விருந்தினர் ஒரு மிடறு பருகிக் கலத்தைக் கீழே வைப்பர். தமிழில் சுவையையும் நீரின் தன்மையையும் குறிக்கும் சொற்கள் பல: உவர், கார், கைப்பு, துவர், கரிப்பு, கடுப்பு என நுட்பமாகப் பிரிப்பதற்கு இடம் உண்டு. கபிலரும் கயமனாரும் நீரை நாவால் அளந்த மரபு நமக்கு உண்டு. இம்மரபை இற்றைப் பொருளுக்குக் கொணர்ந்தால், பெண்டிர் கையிலும் நாவிலும் உள்ள அறிவு இலக்கியச் சான்றாகும். பட்டறை மூடியதும் திறந்ததும் செய்தியாகும். பருப்பு வேகாமை கதையாகும்.

எனினும் நாவுக்கும் எல்லை உண்டு. நாள்தோறும் பருகினால் உவர் பழகிவிடும். பழகிய நா அதனைக் குற்றமாக உணராது. சாயத்தின் அமின்களையும் உலோகங்களையும், அவை நுண்ணளவினவாயின், எந்நாவும் அறியாது. கண் ஏமாந்தது போல நாவும் ஏமாறும். அவ்விடத்தே அளவை வேண்டும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்னும் எண் வறண்டதாகத் தோன்றலாம். கிணற்றுக்கு உரியவர்க்கு அவ்வெண் தம் உடலைப் பற்றிய செய்தி. அதனைக் கவிதைக்குப் புறம்பென்று தள்ளுதல் நம் வழக்கமாகிவிட்டது. நிறத்தைப் போற்றி எண்ணைத் தள்ளும் இவ்வழக்கத்தைத் திறனாய்வாளர் விடுதல் நன்று.

இதனால் விளையும் பயன் இலக்கியத்தோடு நின்றுவிடுவதன்று. 2011-க்குப் பின் வந்த முறையால் ஆற்றின் நிறம் குறைந்துள்ளது. நிலத்தடியிற் சென்ற உப்பு அத்துணை விரைவில் நீங்காது. பல ஆண்டு மழையால் சிறிது சிறிதாகவே கழுவப்பெறும். சுத்திகரிப்பில் பிரித்தெடுத்து மீளப் பயன்படுத்தல் ஆகாத கலப்பு உப்பும் எங்கேனும் வைக்கப்பெற்றே தீரும். அதன்மேல் மழை படாது காத்தல் தொடர்ந்த வேலை. நிறத்தை மட்டும் பாடிய இலக்கியம், நிறம் நீங்கியதும் வாயடைத்துப் போகும். கிணற்றின் உவரோ அதற்குப் பின்னும் இருக்கும். அதனைப் பருகுவோரும் இருப்பர். தொலைவிலிருந்து குழாய்வழி ஆற்றுநீர் வரும் ஊர்களிலும், நீர் வாராத நாளில் பழைய கிணற்றையே நாடவேண்டும்.

முடிபுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று தெளிவாகும். திணைக் கோட்பாடு நீரை நிலத்தின் கருப்பொருளாகக் கொண்டதாயினும், நீர் நிறைந்தும் குடிநீர் இல்லாத நிலையை அது கண்டதில்லை. தொழிலும் நீரும் ஆகிய இரு கருப்பொருள்கள் பகைகொண்டமையால் அந்நிலை தோன்றிற்று. அப்பகையை எழுதுதற்குச் சங்க மரபின் சுவையறிவும் இக்கால அளவையறிவும் ஒருங்கு வேண்டப்படும்.

ஆராய்ச்சி மாணவர்க்கு ஒரு வேலை காத்திருக்கின்றது. கொங்கு வட்டாரத்தில் நீரைக் குறித்து வழங்கும் சொற்களை ஊர்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். எக்கிணறு எந்த ஆண்டுவரை ‘நல்ல தண்ணீர்க் கிணறு’ என்று அழைக்கப்பெற்றது, எப்போது அப்பெயர் வழக்கொழிந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதுதல் வேண்டும். கிணற்றின் பெயர் மாறிய ஆண்டு அந்நீர் கெட்ட ஆண்டாதல் கூடும். சொல்லாய்வு பொதுநலத்துக்குச் சான்று தரும் இடம் இது. அத்தொகுப்பு நிறைவேறினால், பெயர் இடப்படாதிருக்கும் அந்நிலத்துக்கு மக்களே வைத்த பெயர் ஒன்று கிடைக்கவும் கூடும்.